கண்ணில் தங்கும் மருந்து

(ஓசூரில் பொதுமக்களுக்கான அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முதல் ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வந்திருக்கும் தொழிலாளர் தோழர்களுக்கும், தளி, அஞ்செட்டி பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் விவசாயிகளுக்கும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழ வளர்ந்த இந்த எல்லைப்புறத்து மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

நான் மருந்தியல் கற்பிப்பவன். ஒரு மருந்து உடம்பில் எந்த வழியாகப் போகிறது, போன இடத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதுதான் என் பாடம். இன்றைக்குக் கண்ணை எடுத்துக்கொண்டு அந்தப் பாடத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். கண்ணுக்குள் மருந்தை மெல்ல மெல்ல வெளியிட்டு, வேலை முடிந்ததும் தானே கரைந்துபோகும் பொருள்கள் உலகில் வந்துவிட்டன. அவை எப்படி வேலை செய்கின்றன, யாருக்கு உதவும், எங்கே எச்சரிக்கை தேவை, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அவற்றோடு என்ன தொடர்பு என்று வரிசையாகப் பார்ப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் மருத்துவத்தில் நல்ல மருந்துகளுக்குப் பஞ்சமில்லை. அந்த மருந்தை வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், வேண்டிய காலம் நிறுத்திவைப்பதில்தான் தவிக்கிறோம். அந்தக் காலச் சுமையை இதுவரை நோயாளியின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறோம். மறக்காமல் சொட்டு விடு, மாதம் தவறாமல் ஊசிக்கு வா, கூட ஓர் ஆளை அழைத்து வா என்கிறோம். அந்தச் சுமையை மனிதரிடமிருந்து இறக்கி ஒரு பொருளின் மேல் ஏற்றுவதுதான் இந்த அறிவியலின் நோக்கம். அது கூலிக்காரருக்கும் எட்டும் விலையில் வர வேண்டும் என்பது என் கோரிக்கை.

முதலில் நமக்குப் பழக்கமான சொட்டு மருந்தை எடுத்துக்கொள்வோம். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் கண்ணீரோ வெறும் 7 மைக்ரோலிட்டர்தான். இமைக்காமல் இருந்தால்கூட அங்கே 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் இடம். சொட்டு விழுந்ததுமே ஒரு பகுதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. அடுத்து இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் மிச்ச மருந்தை மூக்குப் பக்கமாகத் தள்ளுகிறது. இமையின் உள் ஓரத்தில், மூக்கை ஒட்டி, குண்டூசி முனை அளவில் ஒரு சின்னத் துளை உண்டு. கண்ணாடி முன் நின்று கீழிமையைச் சற்று இழுத்தால் நீங்களே அதைப் பார்க்கலாம். அந்தத் துளை வழியாக மருந்து மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து தொண்டைக்குப் போகிறது. கண்ணில் மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டை கசக்கிறது என்று வயதானவர்கள் சொல்வது இதனால்தான். இத்தனைக்கும் பிறகு கருவிழியைக் கடந்து கண்ணுக்குள் நுழைவது விட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு.

வழிந்த மருந்து வீணாவதோடு விஷயம் முடிவதில்லை. மூக்கின் உட்சவ்விலிருந்து அது நேராக ரத்தத்தில் கலக்கிறது. கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது நாம் கண் பிரஷர் என்று சொல்லும் நோய்க்கு, டிமோலால் என்ற சொட்டு மருந்து பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தச் சொட்டே மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். சிலருக்கு நாடித்துடிப்பைக் குறைக்கலாம். கண் டாக்டரிடம் போனாலும் ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்றையும் இன்று முதல் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய அந்த ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் சேர்த்துக் கழுவிவிடும். வேறொரு மருந்தும் விட வேண்டியிருந்தால் ஐந்து நிமிட இடைவெளி கொடுங்கள்.

சொட்டு மருந்தால் கண்ணின் முன்பகுதியைத்தான் ஓரளவு எட்ட முடியும். பார்வை உருவாகும் விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. சொட்டு அங்கே போய்ச் சேருவதில்லை. மாத்திரை போடலாமே என்றால், ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே இயற்கை ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. கண்டதும் உள்ளே நுழையாமல் கண்ணைக் காக்கும் தடுப்பு அது. நோய்க்காலத்தில் மருந்தையும் தடுத்துவிடுகிறது. ஆகவே விழித்திரை நோய்களுக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கிறது. அந்த ஊசி மருந்தும் சில வாரங்களில் தீர்ந்துபோகும். மறுபடியும் ஊசி போட வேண்டும்.

இது நம் மாவட்டத்துக்கு ஏன் முக்கியம்? மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது வயதுவந்தோரில் 11.4 சதவீதம் என்று அது சொன்னது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். பார்வையின் நடுப்புள்ளியில் நீர் கோத்துக்கொள்ளும். எதிரே நிற்பவர் முகம் மங்கும், மெஷினின் அளவுகோல் மங்கும், பஸ்ஸின் எண் மங்கும். கண்ணில் வலியே இருக்காது. அதனால்தான் பலரும் காலம் கடந்து வருகிறார்கள்.

இந்த நீர்க்கோப்புக்கு ரத்தக்குழாய்க் கசிவைத் தடுக்கும் ஊசிகள் நல்ல பலன் தருகின்றன. அவற்றில் ஒன்றான ரானிபிசுமாப் மருந்துக்கு இணையான உள்நாட்டுத் தயாரிப்பை அகமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த பிறகு செலவும் குறைந்தது. ஆனால் எத்தனை ஊசி? அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில் முதல் ஆண்டில் மட்டும் 9 அல்லது 10 ஊசிகள் தேவைப்பட்டன. அஞ்செட்டியில் இருக்கும் ஒரு கேழ்வரகு விவசாயி ஒரே ஆண்டில் பத்து முறை ஓசூருக்கோ, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கோ வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் வேலை போகும். கூட வரும் மகனுக்கு கம்பெனியில் ஒரு நாள் லீவு போகும். மூன்றாவது ஊசியோடு நின்றுவிட்டவரை அக்கறையில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தாத சிகிச்சையைக் கொடுத்தது நாம்.

கண் பிரஷர் இன்னும் பொல்லாதது. பார்வை ஓரங்களிலிருந்து சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு நோய் இருப்பதே முன்பு தெரியாது. தெரிந்தவர்கள் ஆயுள் முழுக்கச் சொட்டு விட வேண்டும். இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறி மாறி உழைப்பவர், ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு என்ற ஒழுங்கை எங்கே காப்பாற்றுவது? கை நடுங்கும் தாத்தாவுக்குச் சொட்டு கண்ணில் விழுகிறதா, புருவத்தில் விழுகிறதா என்று யார் பார்ப்பது? குப்பியில் இருக்கும் மருந்து யாருடைய அழுத்தத்தையும் குறைப்பதில்லை.

புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகாமில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பாட்டியின் கையில் ஒரு சீட்டு இருக்கும்: முதல் வாரம் நாளுக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து முறை என்று படிப்படியாகக் குறைத்து ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு விட வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அந்தக் கணக்கைப் பாட்டி தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாகக் கருவிழிப் புண். வயலில் தோகையோ முள்ளோ உமியோ கண்ணில் பட்டுக் கீறினால், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். தமிழ்நாட்டில் விவசாயக் கூலிகளின் பார்வையைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. அரவிந்த் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, விலை உயர்ந்த புதிய மருந்தைவிட நாட்டமைசின் என்ற பழைய சொட்டே இதற்கு மேலானது என்று காட்டியது. உலகம் முழுவதும் கண் டாக்டர்கள் பின்பற்றும் முடிவு அது. ஆனால் நாட்டமைசின் கருவிழிக்குள் எளிதில் ஊடுருவாது. தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறை விட வேண்டும். மருந்து சரியானது, அதைக் கண்ணில் நிறுத்தத்தான் வழியில்லை.

இந்த நான்கு பேருக்கும் வேண்டியது ஒன்றே: ஒரு முறை வைத்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அளவாக மருந்து கசியும் ஏற்பாடு. இராயக்கோட்டை பக்கம் தக்காளி போடுபவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மடையைத் திறந்து பாய்ச்சினால் முதல் நாள் வேர் மூழ்கும், ஐந்தாம் நாள் மண் வெடிக்கும். சொட்டுநீர்க் குழாய் போட்டால் அதைவிடக் குறைந்த தண்ணீர் நாள் தவறாமல் வேருக்குப் போகும். மருந்துக்கும் இதே நியாயம்தான். திடீரென்று ஏறும் அளவு பக்கவிளைவைத் தரும். மிகக் குறையும் அளவு நோயைத் திரும்ப விடும். இரண்டுக்கும் நடுவே ஒரே மட்டத்தில் மருந்தை நிறுத்துவதுதான் மருந்தியலின் கலை.

இந்த எண்ணம் நேற்று வந்ததன்று. மருந்தில் ஊறவைத்த காகிதத் துண்டைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தது 19-ஆம் நூற்றாண்டு. அட்ரோபின் கலந்த ஜெலட்டின் வில்லைகள் 1948-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருந்து நூலில் இடம்பெற்றன. எடையற்ற நிலையில் சொட்டு கீழே விழாது என்பதால் சோவியத் விஞ்ஞானிகள் விண்வெளி வீரர்களுக்கென்றே கண்ணில் கரையும் மெல்லிய வில்லைகளை உருவாக்கினார்கள். 1974-இல் அமெரிக்காவின் அல்சா நிறுவனம் ஆக்யுசெர்ட் என்ற வில்லையைக் கொண்டுவந்தது. கீழிமைக்கு உள்ளே வைத்தால் ஒரு வாரம் முழுக்க, மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில், பிலோகார்பின் மருந்தை அது வெளியிட்டது. அறிவியலாகப் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனாலும் நிலைக்கவில்லை. விலை அதிகம், வயதானவர்களின் கண்ணிலிருந்து அவர்களுக்கே தெரியாமல் நழுவி விழுந்தது, வாரம் முடிந்ததும் பழையதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டியிருந்தது. நோயாளியின் கைக்கும் பைக்கும் பொருந்தாத கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் தோற்கும் என்று அது நமக்குக் கற்றுக்கொடுத்தது.

அடுத்து வந்தவர்கள் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே வைத்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையை அரித்த வைரஸுக்கு எதிராக 1996-இல் விட்ராசெர்ட் வந்தது. ஆபரேஷன் செய்து கண் சுவரில் தைக்க வேண்டும்; மாதக்கணக்கில் மருந்து வரும். மருந்து தீர்ந்த பிறகும் கூடு மட்டும் உள்ளே இருக்கும். அந்தக் கூட்டையும் கரைத்துவிட்டால் என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இன்றைய தலைப்பின் மையப் பொருள் வருகிறது.

அந்தப் பொருளின் பெயர் பிஎல்ஜிஏ. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலியாகக் கோத்த நெகிழி அது. பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் இந்தக் குடும்பத்துப் பொருள் உங்களில் பலர் வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகோ வேறு ஆபரேஷனுக்குப் பிறகோ, பிரிக்க வேண்டாம், தையல் தானே கரைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்த நூல்களில் பலவும் இதே இரண்டு அமிலங்களால் ஆனவை. 1970-களிலிருந்து மனித உடம்பில் பயன்பட்டு வருகின்றன. லாக்டிக் அமிலம் நாம் ஓடும்போது நம் தசையிலேயே உண்டாவது. நெகிழிச் சங்கிலி ஈரத்தில் இருக்க இருக்க, நீர் அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கும். அறுந்த துண்டுகள் உடம்பின் வழக்கமான வேதிவினைகளில் சேர்ந்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறிவிடும்.

எவ்வளவு காலத்தில் கரைய வேண்டும் என்பதைத் தயாரிப்பவரே தீர்மானிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. இரண்டு அமிலங்களும் சரிபாதியாக இருந்தால் ஓரிரு மாதங்களில் கரையும். லாக்டிக் அமிலம் கூடக் கூட, அது நீரை விலக்குவதால், கரைதல் மெதுவாகும். சங்கிலியின் நீளத்தை மாற்றினாலும் காலம் மாறும். மருந்தும் நெகிழியும் பொடியாகக் கலந்து, சூடாக்கி, நுண்ணிய துளை வழியே கம்பியாக இழுத்து நறுக்கினால் கண்ணில் வைக்கும் குச்சி தயார்.

இந்த முறையில் வந்தது ஓசர்டெக்ஸ். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் இதை முதலில் விழித்திரை ரத்தக்குழாய் அடைப்புக்கு அனுமதித்தது. 2014-இல் சர்க்கரை நோய் நீர்க்கோப்புக்கும் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் கிடைக்கிறது. இதை வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். கண்ணுக்குள் ஊசி என்றாலே பலருக்கும் பயம் வருகிறது. அந்தப் பயம் கொஞ்சம் தணியட்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். போவிடோன் அயோடின் கரைசலால் கண்ணைக் கழுவிக் கிருமி நீக்குவார்கள். இமைகளைச் சிறு கம்பியால் விலக்கிவைப்பார்கள். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, லென்ஸும் விழித்திரையும் பாதிக்கப்படாத இடத்தை அளந்து குறிப்பார்கள். பேனா போன்ற கருவியின் ஊசி அங்கே சாய்வாக நுழையும். பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னச் சத்தம். 6 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் உள்ள வெள்ளைக் குச்சி உள்ளே இறங்கிவிடும். அதில் இருப்பது 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன். தையல் தேவையில்லை. சில நாள்கள் கண் முன்னே ஒரு நிழல் மிதப்பது போலச் சிலருக்குத் தெரியலாம். குச்சி கரையக் கரைய மருந்து வெளிவரும். பலன் இரண்டு மாத அளவில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகு குறையும். ஆறு மாதம் வரை மருந்து இருக்கும். மூன்றாண்டு நடந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சராசரியாக 4 முறை வைத்தால் போதுமானதாக இருந்தது. முதல் ஆண்டிலேயே ஒன்பது, பத்து ஊசி என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நன்மையைச் சொன்ன வாயால் ஆபத்தையும் சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அதே ஆய்வில், சொந்த லென்ஸ் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் புரை வந்தது. சிலருக்குக் கண் அழுத்தம் ஏறியது. ஆகவே குச்சி வைத்த பிறகும் அழுத்தம் பார்க்க வர வேண்டும். கண்ணில் கிருமித்தொற்று இருப்பவருக்கும், அழுத்த நோய் முற்றியவருக்கும் இது கூடாது. புரை ஆபரேஷனில் லென்ஸின் பின்பை கிழிந்திருந்தால் குச்சி முன்பக்கம் நழுவிவந்து கருவிழியைக் கெடுக்கும். பழைய ஆபரேஷன் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இந்தப் பொருளுக்கே உரிய குறைகளும் உண்டு. வைத்தவுடன் மேற்பரப்பிலுள்ள மருந்து கொஞ்சம் வேகமாக வெளியேறும். பிறகு உட்பகுதி கரையும்போது அங்கே அமிலம் தேங்கும். டெக்சாமெத்தசோன் போன்ற சிறு மூலக்கூறுகள் இதைத் தாங்கும். கசிவைத் தடுக்கும் ஊசி மருந்துகள் புரதங்கள். அமிலத்தில் அவை உருக்குலைந்துபோகும். அதனால்தான் அவற்றைக் கரையும் குச்சியில் அடைக்க இன்னும் போராடுகிறார்கள். அதே வேலையைச் செய்யக்கூடிய சிறு மூலக்கூறுகளை நீர் உறிஞ்சும் மென்கூழில் வைத்து மாதக்கணக்கில் கொடுக்கும் முயற்சிகள் பெரிய மருத்துவப் பரிசோதனைகளில் இருக்கின்றன. புரத மருந்தைக் கண் சுவரில் பதித்த சிறு தொட்டியில் நிரப்பி, அவ்வப்போது மறுபடி நிரப்பும் கருவி ஒன்று 2021-இல் அமெரிக்காவில் வந்தது. அது கரையாத பொருள். மாத ஊசியைவிட மும்மடங்கு கண் தொற்று ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கையோடுதான் அது அனுமதி பெற்றது. 2022-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தங்களுக்குப் பின் மீண்டும் வந்தது.

கண் பிரஷருக்கு 2020-இல் டுரிஸ்டா வந்தது. பைமட்டோபிரோஸ்ட் மருந்து 10 மைக்ரோகிராம் மட்டும் அடங்கிய கரையும் குச்சி. கண்ணின் முன்னறையில் வைக்கிறார்கள். பல மாதங்களுக்குச் சொட்டே வேண்டியதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வைத்தால் கருவிழியின் உள்ளடுக்குச் செல்கள் குறைவதால் ஒரு கண்ணுக்கு ஒரு முறை மட்டுமே என்று கட்டுப்படுத்தி அனுமதித்தார்கள். புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணீர்த் துளையில் செருகினால் 30 நாள் மருந்து கொடுத்துவிட்டுக் கரைந்துபோகும் டெக்ஸ்டென்சா என்ற செருகிக்கும் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் சொன்ன பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எண்ணிப்பாருங்கள். நம் முகாம்களில் ஆபரேஷன் செய்துகொள்ளும் பாட்டிகளுக்கு அது எட்ட வேண்டும்.

எட்டுமா? எட்டும் என்று நான் நம்புவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு; ஒன்று நூறு டாலர் அளவுக்கு விற்றது. ஏழைகளுக்குத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்தது. 1992-இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான அரோலாப் மதுரையில் அந்த லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை பத்து டாலருக்குள் இறங்கியது. இன்று அந்த லென்ஸ் உலகின் பல நாடுகளுக்குப் போகிறது. அரோலாப் கண் ஆபரேஷனுக்கான தையல் நூலும் செய்கிறது, நாட்டமைசின் சொட்டும் செய்கிறது. அன்று லென்ஸுக்கு நடந்தது நாளை கரையும் மருந்துக் குச்சிக்கும் நடக்க வேண்டும்.

அதில் ஓசூருக்கும் இடமுண்டு. அரை மில்லிமீட்டர் கம்பியை மயிரிழை பிசகாமல் இழுப்பதும், ஆயிரம் துண்டுகளை ஒரே எடையில் நறுக்குவதும், தூசு இல்லாத அறையில் நாள் முழுக்க வேலை செய்வதும் இந்த ஊர்க் கைகளுக்குப் புதிதா? கடிகாரத்தின் நுண்ணிய பாகங்களையும் லாரி எஞ்சினையும் மின்னணுப் பாகங்களையும் செய்யும் ஊர் இது. மருந்துத் தொழிற்சாலைகளும் இங்கே இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் பெங்களூரின் ஆய்வுக்கூடங்கள். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. நெகிழி வார்ப்பவரையும் மருந்து தெரிந்தவரையும் கண் டாக்டரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டியதுதான் பாக்கி.

வேலை எளிதன்று என்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குள் போகும் பொருளில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. கிருமி நீக்கக் காமா கதிர் பாய்ச்சினால் பிஎல்ஜிஏ சங்கிலிகள் அறுந்து, கரையும் காலமே மாறிவிடும். இந்த நெகிழி ஏறத்தாழ 40 முதல் 55 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். மே மாதம் கிருஷ்ணகிரியில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு அந்த அளவை எட்டிவிடும். ஆகவே குளிரூட்டிய அறையில் மட்டும் சோதித்துப் பார்த்தால் போதாது. நம் சாலையையும் நம் வெயிலையும் கணக்கில் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆறு மாதம் மருந்து தரும் என்று சொல்லும் குச்சியை, ஆறு மாதம் காத்திருந்து அளந்துதான் உறுதிசெய்ய முடியும். பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசினை நாள் முழுக்கக் கசியவிடும் வில்லையை வெளிநாட்டுக் கம்பெனி நமக்காகக் கண்டுபிடித்துத் தரும் என்று காத்திருக்க முடியாது. அந்த நோய் அவர்கள் ஊரில் அரிது. நம் வயல்களில் அன்றாடம். அந்த ஆராய்ச்சி நம் கடமை.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வாசல் தேடி வந்தன. நோயாளியின் நேரத்துக்கும் கூலிக்கும் மதிப்பு உண்டு என்று அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. அந்த நியாயத்தைக் கண்ணுக்கும் நீட்டுங்கள் என்று கேட்கிறேன். ஒரு சிகிச்சையின் விலையைக் கணக்கிடும்போது மருந்தின் விலையோடு பஸ் கட்டணத்தையும், இழந்த கூலியையும், கூட வந்தவரின் கூலியையும் சேர்த்துக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டினால், இன்று விலை அதிகமாகத் தெரியும் நெடுங்கால மருந்து பலருக்கு மலிவாகவே முடியும். காப்பீட்டுத் திட்டங்களை வகுப்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சர்க்கரை நோய் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை, பார்வை நன்றாக இருந்தாலும், சொட்டு விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது கடந்தவர்கள், முக்கியமாக வீட்டில் யாருக்காவது கண் பிரஷர் இருந்தால், அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வயலில் எதுவாவது கண்ணில் பட்டால் இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். பூஞ்சைப் புண்ணை அது எரியவிடும். மாதக்கணக்கில் விட்டால் அதுவே கண் பிரஷரைக் கொண்டுவரும். கல் அறுக்கும் தோழர்களும் கிரைண்டிங் செய்யும் தோழர்களும் கண்ணாடி போடாமல் மெஷினைத் தொடாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வேதியியலில் நீங்கள் படிக்கும் எஸ்டர் பிணைப்பை நீர் அறுக்கும் வினை, தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து போகிறது. அந்த வினை எத்தனை நாளில் நடக்க வேண்டும் என்று திட்டமிடத் தெரிந்தவர் அஞ்செட்டி விவசாயியின் பத்துப் பயணங்களை மூன்றாகவோ இரண்டாகவோ குறைக்க முடியும். உங்களில் யாராவது அதைக் கற்றுக்கொண்டு, இதே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் தயாரித்து, முகாமுக்கு வரும் பாட்டிக்கு எட்டும் விலையில் கொடுங்கள். அதற்கான அறிவும் தொழிற்கூடமும் தேவையும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. வேலையைத் தொடங்குவோம்.